வாக்காளர் பட்டியலுக்கு இரண்டு வரி போதுமா? பாடநூல் குழுவினருக்குத் திறந்த மடல்

சமூக அறிவியல் பாடநூல் வரைவுக் குழுவினருக்கு,

கருத்துக் கேட்பதற்காக நீங்கள் சுற்றுக்கு விட்ட உயர்நிலை வகுப்பு வரலாற்று வரைவைப் படித்தோம். விடுதலைக்குப் பிந்தைய இந்தியா என்ற அலகில் சமஸ்தானங்கள் இணைந்த கதை இருக்கிறது. மொழிவழி மாநிலங்கள் இருக்கின்றன. ஐந்தாண்டுத் திட்டங்கள் ஒரு பக்க அட்டவணையாகவே இருக்கின்றன. முதல் பொதுத் தேர்தலுக்கு மட்டும் இரண்டு வரி: 1951-52-இல் தேர்தல் நடைபெற்றது, காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றது. பாட முடிவில் ஒரு மதிப்பெண் வினா: முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் யார்? சுகுமார் சென். அத்தோடு கதை முடிந்தது.

நாங்கள் வரலாறு நடத்துகிற அரசுப் பள்ளி ஆசிரியர்கள். எங்களில் பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகவும் வேலை பார்க்கிறோம். படிவம் 6 வாங்கிப் பெயர் சேர்ப்பது, படிவம் 7 வாங்கி நீக்குவது, படிவம் 8 வாங்கித் திருத்துவது எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகின்றன. ஒரு பெயர் பட்டியலில் ஏறவும் விழவும் எவ்வளவு சின்னக் காரணம் போதும் என்பதை அறிந்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: இந்தியக் குடியரசின் முதல் பெரிய வேலை தேர்தல் நடத்தியது கூட இல்லை, அதற்கான பட்டியலைத் தயாரித்தது. அந்த வேலையை உங்கள் வரைவு ஒரு சொல்லாலும் தொடவில்லை.

முதலில் அதற்கு முந்தைய நிலை. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி வாக்குரிமை என்பது சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. 1937 மாகாணத் தேர்தல்களில் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 3 கோடி பேர். பெண்களில் மிகச் சிலருக்கே இடம். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்ற யோசனையை 1932-இல் லோதியன் பிரபு தலைமையிலான வாக்குரிமைக் குழு எடுத்துப் பார்த்து, இப்போதைக்கு நடைமுறைக்கு ஒவ்வாது என்று வைத்துவிட்டது. இத்தனை பேர், இவ்வளவு எழுத்தறிவின்மை, இவ்வளவு குறைவான ஊழியர்கள் என்று காரணங்களும் சொல்லப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அந்தக் காரணங்களில் ஒன்றுகூட மறைந்திருக்கவில்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காடுதான்.

அந்த நிலையில், 1947 நவம்பரில், பிரிவினைக் கலவரத்தின் புகை அடங்குமுன், அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் வழிகாட்டுதலில் இயங்கிய அரசமைப்பு அவைச் செயலகம், எல்லோருக்கும் வாக்கு என்ற அடிப்படையில் பட்டியல் தயாரிக்க என்ன வழி என்று மாகாணங்களையும் சமஸ்தானங்களையும் கேட்கத் தொடங்கியது. 1948 மார்ச்சில் வேலையைத் தொடங்கச் சொல்லி அறிவுரைகள் போயின. மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அப்போது அரசமைப்புச் சட்டம் இல்லை. குடியுரிமை பற்றிய விதி இல்லை. தேர்தல் ஆணையம் இல்லை. தொகுதிகள் வரையப்படவே இல்லை. பட்டியலுக்குத்தான் முதலில் பிள்ளையார் சுழி போட்டார்கள்.

தொகுதியே இல்லாமல் வாக்காளர் பட்டியலை எப்படி எழுதுவது? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள், நல்ல பிள்ளைகள் பத்து நிமிடத்தில் விடைக்கு வந்துவிடுவார்கள். கிராமம் கிராமமாக, நகரத்தில் வார்டு வார்டாக எழுதி வைத்தால், பின்னால் தொகுதி எல்லை எங்கே விழுந்தாலும் கட்டுகளை எடுத்து மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். அதைத்தான் செய்தார்கள். பிறகு தொகுதிவாரியாகத் தட்டச்சு செய்து தொகுக்க மட்டும் 16,500 எழுத்தர்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தினார்கள். பட்டியல்களை அச்சிட 3,80,000 ரீம் தாள் செலவானது.

முதல் அறிவுரையிலேயே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1949 ஜனவரி 1 அன்று 21 வயது நிறைந்திருக்க வேண்டும், 1948 மார்ச் 31-இல் முடியும் ஆண்டில் அந்த இடத்தில் குறைந்தது 180 நாள் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. மார்ச் 31-இலிருந்து 180 நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள் (1948 லீப் ஆண்டு என்பதை மறக்காமல்). 1947 அக்டோபர் முதல் வாரத்தில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு எல்லை தாண்டி டெல்லிக்கோ கல்கத்தாவுக்கோ வந்து சேர்ந்த ஓர் அகதி, எவ்வளவு முயன்றாலும் பட்டியலில் ஏற முடியாது. யாரும் திட்டமிட்டு அவர்களை விலக்கவில்லை. ஒரு தேதியும் ஓர் எண்ணும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன.

அகதிகள் அமைப்புகளிடமிருந்தும் தனி மனிதர்களிடமிருந்தும் கடிதங்கள் செயலகத்துக்குக் குவிந்தன. செயலகம் அவற்றைப் படித்தது, பதிலும் எழுதியது. கடைசியில் விதி மாறியது. கலவரத்தாலோ கலவர அச்சத்தாலோ இடம்பெயர்ந்து வந்தவர், இந்த ஊரில் நிலையாகத் தங்கப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும், பட்டியலில் சேர்க்கலாம். 1949 ஜனவரி 8 அன்று அரசமைப்பு அவை இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியது. வீடும் நிலமும் ஆவணமும் இழந்து வந்தவரிடம் ஓர் உறுதிமொழியை மட்டும் வாங்கிக்கொண்டு வாக்காளராக்கியிருக்கிறார்கள். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்ற பேச்சு டீக்கடை வரை வந்துவிட்ட இந்தக் காலத்தில், இதைப் படிக்காமல் ஒரு மாணவர் பள்ளியை விட்டுப் போவது சரியா?

அடுத்து வருவதுதான் வரைவில் இல்லாத குறையை நாங்கள் பெரிதாக நினைக்கும் இடம். அசாமில், வெளியிலிருந்து வந்து தங்கியிருக்கும் 'நிலையற்ற' மக்களைச் சேர்க்க வேண்டாம் என்று மாகாண நிர்வாகமே அறிவுறுத்தியது. பட்டியலை எழுதுவது யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்குப் பிடிக்காதவர்கள் வெளியே நிற்பார்கள் என்பது அப்போதே வெட்ட வெளிச்சமாகிவிட்டது. அதுவரை அரசமைப்பு வரைவில் மாகாணத் தேர்தல்களுக்குத் தனித்தனி ஆணையங்கள் அமைப்பதாகத்தான் இருந்தது. 1949 ஜூன் 15 அன்று அம்பேத்கர் அதை மாற்றும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். இனத்தாலும் பண்பாட்டாலும் மொழியாலும் தங்களைச் சேராதவர்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று சில மாகாண அரசுகள் தம் அலுவலர்களுக்குச் சொல்லிவருவதாகத் தகவல் வந்திருக்கிறது என்று அவையில் வெளிப்படையாகவே காரணம் சொன்னார். வரைவில் 289 என்று இருந்த அந்த உறுப்புதான் இன்றைய 324. நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் ஆணையம். அடுத்த உறுப்பு 325: மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றைக் காரணம் காட்டி எவரையும் பட்டியலிலிருந்து விலக்க முடியாது.

நீங்கள் குடிமையியல் பகுதியில் உறுப்பு 324-ஐ மனப்பாடத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்பது வரலாற்றுப் பகுதியில் இல்லை. கிராமத்தில் ஓர் எழுத்தர் ஒரு பெயரை எழுதாமல் விட்டதிலிருந்தும், விடுபட்டவர் கடிதம் எழுதியதிலிருந்தும் வந்தது அது. காரணம் ஒரு புத்தகத்தில், விளைவு இன்னொரு புத்தகத்தில் என்று பிரித்துவைத்தால் பிள்ளைகளுக்கு எண் மட்டும்தான் மிஞ்சும்.

பெண்களின் பெயர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டியல் வரைவு வந்தபோது, வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்திருந்தது தெரியவந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் போன்ற அன்றைய மாநிலங்களில் இது மிகுதி. அந்நிய ஆணிடம் பெயர் சொல்வது வழக்கமில்லை. சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. பெயரைக் கேட்டு வாங்குங்கள் என்றார், சில இடங்களில் காலக்கெடுவையும் நீட்டினார்கள். அப்படியும் பெயர் கிடைக்காதவர்களைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் இப்படி வாக்கிழந்தார்கள்.

நடைமுறை தெரிந்தவர்களுக்கு சென் பக்கமும் புரியும். வாக்குச்சாவடியில் முதல் அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பதே, வந்திருப்பவர் அவரில்லை என்று முகவர்கள் ஆட்சேபிக்க வேண்டும் என்பதற்காகத்தான். 'இராம்லாலின் மனைவி' என்று படித்தால் யாரை ஆட்சேபிப்பது? ஒரே தெருவில் இரண்டு இராம்லால் இருந்தால்? அதோடு, இந்த முறை எழும் கூச்சலே அடுத்த தேர்தலுக்குள் வழக்கத்தை மாற்றிவிடும் என்றும் அவர் எண்ணினார். மறுபக்கம், வாக்குரிமையின் முதல் வாய்ப்பையே 28 லட்சம் பெண்கள் இழந்தது ஏதோ சிறு நிர்வாகச் சிக்கல் என்று ஒதுக்கக்கூடியது அல்ல. எங்கள் கருத்து, கெடுவை இன்னும் நீட்டியிருக்கலாம், பெண் பணியாளர்களை அனுப்பியிருக்கலாம் என்பது. மாணவர்கள் வேறு முடிவுக்கு வரலாம். இரண்டு பக்கமும் வாதாட இடமுள்ள இத்தனை நல்ல கேள்வியை விட்டுவிட்டு ஆணையரின் பெயரை மட்டும் கேட்கிறீர்களே என்பதுதான் ஆதங்கம். (நம் ஊர்களில் சிக்கல் தலைகீழ். தன் பெயரைத் தயங்காமல் சொல்லும் மூதாட்டி, கணவர் பெயர் பத்திக்கு வந்ததும் பேரனைக் கூப்பிடுவார். வீட்டுக் கணக்கெடுப்புக்குப் போகிற எவருக்கும் இது தெரியும்.)

பெட்டி, மை, சீட்டு பற்றிய செய்திகள் ஓரளவு பரவலாகத் தெரிந்தவை, சுருக்கமாகவே சொல்கிறோம். வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் முறை அப்போது இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். எழுத்தறியாதவரும் இரட்டைக் காளை ஒட்டிய பெட்டியையோ கதிர் அரிவாள் ஒட்டிய பெட்டியையோ பார்த்துச் சீட்டைப் போடலாம். அதனால்தான் 20 லட்சம் இரும்புப் பெட்டிகள் தேவைப்பட்டன, 8,200 டன் எஃகு போனது. மறைவுக்குள் பல பெட்டிகள் வரிசையாக இருந்ததில் கோளாறுகளும் வந்தன: சீட்டைப் பெட்டிக்குள் போடாமல் மேலேயே வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒரே தொகுதியிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் இது இன்னும் சிக்கல். மக்களவைக்கான 401 தொகுதிகளில் 86 இரட்டை உறுப்பினர் தொகுதிகள், ஒன்று மூன்று உறுப்பினர் தொகுதி. இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஒரு வாக்காளருக்கு இரண்டு சீட்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாது. இதைப் படிக்காதவருக்கு யார், எப்படி விளக்கினார்கள் என்பதே தனி ஆய்வுக்குரியது. முதல் வாக்குகள் 1951 அக்டோபர் 25 அன்று இமாச்சலத்தின் சினி வட்டத்தில் பதிவாயின. பனி விழுந்து கணவாய்கள் அடைபடுமுன் முடிக்க வேண்டும் என்பதால் அங்கே முந்திக்கொண்டார்கள்.

பட்டியலில் ஏறியவர்கள் 17.3 கோடி. 1937-ஐ விட ஐந்து மடங்குக்கு மேல். விளைவு நம் மாநிலத்திலேயே தெரிந்தது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. முதலமைச்சராக இருந்த குமாரசுவாமி ராஜாவே தோற்றார். டெல்லியில் 489-க்கு 364 வென்ற கட்சி இங்கே ஆட்சி அமைக்க ராஜாஜியை மேலவை வழியாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 'காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றது' என்று தமிழ்நாட்டு மாணவருக்கு எழுதும் வரி, அவருடைய சொந்த மாநிலத்தைப் பொறுத்தவரை பாதி உண்மை மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டுகிறோம்.

இதே ஆண்டுகளில் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் சேர்த்து வைத்தால்தான் இங்கே நடந்ததன் மதிப்பு தெரியும். இலங்கையில் 1931 முதலே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது, நமக்கு இருபது ஆண்டுகள் முன்னால். 1947 தேர்தலில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத் தொகுதிகளிலிருந்து, தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் உறுப்பினர்கள் நாடாளுமன்றம் போனார்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததையோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததையோ நிறுவச் சொன்னது. லயத்தில் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பில்) பிறந்து லயத்தில் இறந்த தோட்டத் தொழிலாளிக்கு எந்த அலுவலகத்தில் சான்று கிடைக்கும்? 1949-இன் தேர்தல் திருத்தச் சட்டம் குடிமக்களுக்கே வாக்கு என்றது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் பட்டியலிலிருந்து பெருமளவில் விழுந்திருந்தார்கள், அவர்களின் கட்சிக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது இதன் தொடர்ச்சிதான். நீலகிரியிலும் கூடலூரிலும் தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாடு ஆவணம் இழந்தவரை உறுதிமொழி வாங்கிச் சேர்த்துக்கொண்ட அதே 1949-இல், பக்கத்து நாடு ஆவணம் இல்லை என்று சொல்லித் தன் தொழிலாளியை வெளியேற்றியது.

பாடச்சுமை என்று நீங்கள் சொல்வீர்கள். ஐந்தாண்டுத் திட்ட அட்டவணையில் தேர்வுக்காக மட்டுமே மனப்பாடம் செய்து மறுநாள் மறக்கப்படும் வரிசைகள் பல உண்டு. அவற்றைக் குறைத்தால் இரண்டு பக்கம் தாராளமாகக் கிடைக்கும். ஆதாரங்களுக்கும் பஞ்சமில்லை. அரசமைப்பு அவை விவாதங்கள் பொதுவில் உள்ளன, முதல் பொதுத் தேர்தல் பற்றித் தேர்தல் ஆணையமே விரிவான அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

இந்தப் பாடத்துக்கு ஏற்ற செயல்பாடு ஒன்றையும் முன்வைக்கிறோம். இரண்டு பாடவேளை போதும். வகுப்பை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, கற்பனையான ஒரு தெருவின் இருபது வீடுகளை ஆசிரியர் அட்டைகளாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் 1948 விதிப்படி ஒரு பட்டியல் எழுத வேண்டும்: வீட்டு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது. அட்டைகளில் சிக்கல்களை வேண்டுமென்றே வைக்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கட்டும். ஒருவர் 1947 நவம்பரில் வந்த அகதி. ஒரு பெண் பெயர் சொல்ல மறுக்கிறார். ஒருவர் அறுவடைக்கு மட்டும் வந்து போகிறவர். ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது, பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பெயர் வருகிறது. முடிந்ததும் குழுக்களின் பட்டியல்களை ஒப்பிட்டால் எண்ணிக்கை ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்பதுதான் இரண்டாவது பாடவேளை. உண்மையான தெருவையோ மாணவர் வீட்டு ஆவணங்களையோ இதற்குப் பயன்படுத்தக் கூடாது. யார் வீட்டில் யாருக்கு வாக்கு இல்லை என்று வகுப்பறையில் வெளிப்படுவது பிள்ளைகளைப் புண்படுத்தும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. முதல் பொதுத் தேர்தல் பற்றிய இரண்டு வரியை நீக்கி, 1947 நவம்பர் முதல் 1952 வரை பட்டியல் உருவான கதையை இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுங்கள். அகதிகள் உறுதிமொழி, 1949 ஜனவரி 8 தீர்மானம், 1949 ஜூன் 15 விவாதம் மூன்றும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அம்பேத்கர் உரையின் அந்தப் பகுதியைத் தமிழில் மூலப்பகுதியாகவே பெட்டிச் செய்தியில் கொடுங்கள், குடிமையியல் பகுதியின் உறுப்பு 324-இலிருந்து அதற்குப் பக்க எண் காட்டுங்கள். 28 லட்சம் பெண்களின் பெயர் நீக்கத்தை விவாத வினாவாக வையுங்கள். சென்னை மாகாண முடிவுகளை அகில இந்திய முடிவோடு சேர்த்துத் தாருங்கள். இலங்கையின் 1948, 1949 சட்டங்களையும் 1964 ஒப்பந்தத்தையும் அண்டை நாடுகள் அலகிலிருந்து எடுத்து இந்தப் பாடத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள். ஆணையர் பெயர் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாவுக்குப் பதில், 180 நாள் விதியால் எந்தத் தேதிக்குப் பின் வந்தவர் விடுபடுவார் என்று கணக்கிடச் சொல்லும் வினாவைச் சேருங்கள்.

வந்த கருத்துகளில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்பதை இறுதி வடிவம் அச்சுக்குப் போகுமுன் எழுத்தில் வெளியிடுங்கள். இந்தப் பாடத்தைத் திருத்தும் அமர்வுக்கு, வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் பணியாற்றும் ஆசிரியர்களில் இருவரையாவது அழையுங்கள். வரைவுப் பக்கங்கள், மூலப்பகுதி மொழிபெயர்ப்பு, செயல்பாட்டு அட்டைகள் மூன்றையும் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியர்கள் சிலர்